நாணயம் அசல், ஊர் போலி

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஆன்லைன் ஏலத்தில் இருபத்துமூன்று செப்புக் காசுகள் கொண்ட ஒரு லாட்டை எடுத்தேன். அதற்குப் போட்டிருந்த விவரக்குறிப்பு மொத்தமே இவ்வளவுதான்: “பிற்கால ரோமானியச் செப்புக் காசுகள். எண்ணிக்கை 23. கி.பி. 4-5ஆம் நூற்றாண்டு. கரூர், அமராவதி ஆற்றுப் பகுதி. தேய்ந்த நிலை. அரிது.” கூடவே ஒரே ஒரு போட்டோ, வெள்ளைத் துணியில் பரப்பி மேலிருந்து எடுத்தது. சுத்தியல் விலை 4,600 ரூபாய். கமிஷன், வரி, தபால் எல்லாம் சேர்ந்து 5,800ஐத் தாண்டிவிட்டது.

என்னை இழுத்தது ரோமும் இல்லை, நான்காம் நூற்றாண்டும் இல்லை. “கரூர்” என்ற அந்த ஒரு சொல். அந்தச் சொல் இல்லாமல் இருந்திருந்தால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்டிருக்க மாட்டேன். ஆக, மிச்சப் பணம் அந்தச் சொல்லுக்குக் கொடுத்த விலை. அந்தச் சொல்லை அங்கே எழுதியவர் யார், எதை வைத்து எழுதினார்? காசு கைக்கு வந்த பிறகுதான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. முதலிலேயே வந்திருக்க வேண்டும்.

ஏல விவரக்குறிப்பை ஒரு எழுத்தாக எடுத்து வைத்து யாரும் விமர்சிப்பதில்லை. கவிதைக்கு விமர்சனம் உண்டு, சினிமாவுக்கு உண்டு, ஹோட்டல் தோசைக்கும் உண்டு. ஆனால் பழங்காசைப் பற்றி இன்றைக்கு மிக அதிகமாக வாசிக்கப்படும் எழுத்து நாணயவியல் ஆய்வுக் கட்டுரை அல்ல, இந்த நாலு வரிக் குறிப்புதான். புதிதாகச் சேகரிக்க வருகிறவர் சோழர் காசையும் பாண்டியர் காசையும் இதை வாசித்துத்தான் கற்றுக்கொள்கிறார். எழுதியவர் பெயர் இருக்காது. திருத்தம் வராது. ஏலம் முடிந்து கொஞ்ச நாளில் பக்கமே காணாமல் போகும். ஆனால் அதில் சொன்ன தவறு மட்டும் வாங்கியவரின் ஆல்பத்தில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

முதலில் பெயர். தமிழ்நாட்டு ஏலங்களில் ராஜராஜன் பெயருக்கு இருக்கும் மவுசு வேறு எந்த ராஜாவுக்கும் கிடையாது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறு பக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்து. இப்படி ஒரு செப்புக் காசு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு “ராஜராஜ சோழன்” என்று போட்டுவிடுகிறார்கள். ராஜராஜன் இந்த வகைக் காசை அடித்தான் என்பது சரிதான். ஆனால் சோழர் ஆட்சிக்குப் பிறகும் இலங்கை மன்னர்கள் இதே அமைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு காசு அடித்தார்கள். பராக்கிரமபாகு, சகசமல்லன், லீலாவதி என்று வரிசையாக வரும். இதில் லீலாவதி பொலன்னறுவையில் மூன்று முறை அரியணை ஏறி இறங்கிய அரசி. அவர் காசில் இருப்பது “ஸ்ரீ ராஜ லீலாவதி”. விற்பவர் “ஸ்ரீ ராஜ” வரைக்கும் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார் போல. ஒரு அரசியையே ராஜராஜனாக்கி விற்ற லாட்டை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசில் ஒரு பக்கம் நந்தியும் கீழே தமிழில் “சேது” என்ற சொல்லும் இருக்கும். தமிழ் எழுத்துதான், தெளிவாக வாசிக்கலாம். அதையும் சோழர் கணக்கில் எழுதியவர்கள் உண்டு.

இது அறியாமை, ஏமாற்று அல்ல என்று சொல்லலாம். அறியாமையாகவே இருக்கட்டும். ஆனால் அந்த அறியாமை எப்போதும் விலை கூடும் திசையில்தான் போகிறது. ராஜராஜன் காசைத் தவறுதலாக லீலாவதி என்று எழுதி யாரும் விற்று நான் பார்த்ததில்லை.

அடுத்தது “அரிது” என்ற சொல். எங்கே அரிது, யாருக்கு அரிது? எத்தனை காசு தெரியவந்திருக்கிறது, எந்த நூலில் எந்த எண், ஒன்றும் இருக்காது. உருப்படியான ஏல நிறுவனங்கள் எடை, விட்டம், நூல் எண், இரண்டு பக்கப் படம், இந்த நான்கையும் கொடுக்கின்றன. அவற்றை நான் குறை சொல்லவில்லை. எடை கொடுக்காத விற்பனையாளரிடம் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். காசுக்கு எடைதான் உயிர். அகஸ்டஸ் காலத்து தெனாரியஸ் வெள்ளிக்காசு நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். நீரோ கி.பி. 64 வாக்கில் அதை மூன்றரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டான். அகஸ்டஸ் முகத்தோடு ஒரு வெள்ளிக்காசு இரண்டே முக்கால் கிராம் இருந்தால் அங்கேயே நின்று யோசிக்கணும்.

போலியைக் கண்டுபிடிக்க வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இணையம் கொடுத்த வரம் என்றே சொல்வேன். பழைய காசுகள் கையால் அடிக்கப்பட்டவை. சூடான உலோக வில்லையை அச்சின் மேல் வைத்து, மேலே இன்னொரு அச்சை வைத்து ஓங்கி ஒரு அடி. அதனால் ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளில்கூட உருவம் ஒரே மாதிரி விழுந்திருக்கும், ஆனால் ஓரம் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் தலை மேலே ஏறியிருக்கும், இன்னொன்றில் பக்கவாட்டில் தள்ளியிருக்கும். விளிம்பில் விழுந்த வெடிப்பு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். ஆக, உங்களுக்குப் பிடித்த காசின் படத்தை வைத்துக்கொண்டு பழைய ஏலங்களில் தேடுங்கள். அதே உருவம், அதே சாய்வு, அதே இடத்தில் அதே வெடிப்போடு இரண்டு வேறு காசுகள் மாட்டினால், அதில் ஒன்றாவது வார்ப்பு. பெரும்பாலும் இரண்டுமே. சேரரின் மாக்கோதை வெள்ளிக்காசு என்று இதுவரை மூன்று பேர் என்னிடம் காட்டியிருக்கிறார்கள். அதில் இரண்டு ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், கழுத்துக்குக் கீழே இருந்த சின்னக் குழி வரைக்கும். அவர்கள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. நானும் அறிமுகம் செய்துவைக்கவில்லை.

இன்னும் கீழ்மட்டத்தில் நடப்பவற்றைப் பற்றி நிறைய எழுதத் தேவையில்லை. அனுமன் படம் போட்ட “1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா” நாணயமே அல்ல, கோயில் வாசலில் விற்கும் டோக்கன். மெட்ராஸில் கம்பெனி அடித்த தங்க வராகனில் சாமி உருவம் இருந்தது உண்மை என்பதால், பாதி தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். பழைய நாணயத்தை லட்சக்கணக்கில் வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டு ஒரு கூட்டம் கிளம்பி, 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. இதெல்லாம் போலீஸ் விஷயம். எனக்குக் கவலை தருவது வேறு. அசல் காசு, நேர்மையான விற்பனையாளர், சரியான எடை, சரியான காலம், அதற்கு மேல் ஒரு பொய்.

என் லாட்டுக்கு வருவோம்.

தபால் வந்த அன்றைக்கே உட்கார்ந்து பார்த்தேன். இருபத்துமூன்றும் அசல், அதில் சந்தேகமே இல்லை. இரண்டு கிராமுக்கு முன்னே பின்னே எடையுள்ள சின்னச் செப்புக் காசுகள். ஒன்பதில் உருவம் தெரிந்தது. அதில் நாலு, இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் காலத்தில் கணக்கில்லாமல் அடிக்கப்பட்ட வகை. குதிரையிலிருந்து விழுகிறவனை ஒரு வீரன் ஈட்டியால் குத்துவான். இலங்கையிலும் கிடைக்கும் வகைதான். அதுவரைக்கும் சந்தோஷம்.

முதல் உறுத்தல், தேய்மானம். கரூரிலும் மதுரையிலும் கிடைத்ததாக நான் பார்த்த பிற்கால ரோமானியக் காசுகள் பெரும்பாலும் கை மாறிக் கை மாறி மழமழவென்று ஆனவை. என் லாட்டில் இருந்தவை தேயவில்லை, அரித்திருந்தன. தேய்வது புழக்கத்தால், அரிப்பது மண்ணால். விவரக்குறிப்பில் “தேய்ந்த நிலை” என்ற ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிட்டது. அடுத்தது மண். எழுத்துகளின் இடுக்கில் இறுகியிருந்தது ஆற்று மணல் இல்லை, சுண்ணாம்பு மாதிரி வெளிறிய ஒரு பூச்சு. அதன் மேல் கரும்பழுப்பாக ஏதோ தடவியிருந்தது. நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். பழுப்பு பஞ்சில் வந்துவிட்டது. ஆயிரத்தைந்நூறு வருஷக் களிம்பு அசிட்டோனுக்கு இளகாது.

மூன்றாவதுதான் பெரியது. இந்தக் காசுகளின் பின்பக்கம் அடியில் சில எழுத்துகள் இருக்கும், எந்த ஊர் அக்கசாலையில் அடித்தது என்று சொல்லும். ஐந்தில் அதைப் படிக்க முடிந்தது. இரண்டில் சிஸ்கியா. இன்றைய குரோஷியாவில் இருக்கும் ஊர். ஒன்றில் தெசலோனிக்கா. ஒன்று அந்தியோக்கியா, மற்றொன்று சந்தேகம். தென்னிந்தியாவுக்கு வந்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளில் கிழக்குப் பக்கத்து அக்கசாலைகள்தான் மிகுதி. காசு ஊர் சுற்றும் பொருள், சிஸ்கியாவில் அடித்தது அலெக்சாந்திரியா வழியாக இங்கே வரக் கூடாது என்று சட்டம் இல்லை. ஒரே ஒரு காசு என்றால் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் இந்தக் கலவையை வேறு ஓர் இடத்தில் பார்த்திருக்கிறேன். பால்கன் நாடுகளில் உலோகம் தேடும் கருவியோடு வயலில் இறங்கி அள்ளிய காசுகள், “சுத்தம் செய்யாத ரோமானியக் காசுகள்” என்ற பெயரில் ஐரோப்பிய இணையக் கடைகளில் மொத்தமாக விற்பனைக்கு வரும். ஒன்று ஓரிரு யூரோ. அங்கே வாங்கி, கொஞ்சம் சுரண்டி, மேலே பழுப்பைத் தடவி, “கரூர்” என்ற சொல்லைச் சேர்த்தால் விலை கூடுகிறது. காசைப் போலியாகச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அச்சு வேண்டாம், உலை வேண்டாம். ஊரை மட்டும் போலியாகச் செய்தால் போதும்.

இது என் ஊகம். நிரூபிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், என் புகாரே அதுதான். கரூர் என்று சொன்னவரும் நிரூபிக்க முடியாது, இல்லை என்று சொல்கிற நானும் முடியாது. நாளைக்கு யாராவது ஓர் ஆராய்ச்சி மாணவர் தனியார் சேகரிப்புகளைப் பார்த்து “கரூரில் சிஸ்கியா அக்கசாலைக் காசுகள்” என்று எழுதினால், ரோம வணிகத்தின் வரைபடத்தில் ஒரு புதுக் கோடு விழும். அது ஒரு விற்பனையாளர் இழுத்த கோடாக இருக்கக்கூடும். போலிக் காசை ஒரு நாள் கண்டுபிடித்துத் தூக்கி எறியலாம். போலி ஊரை அப்படிப் பிரித்து எடுக்க முடியாது, காசு அசலாக இருப்பதால்.

ஊர் தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குப் புதுக்கோட்டைப் புதையலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1898இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஜார்ஜ் ஹில் அதே வருஷம் அவற்றைப் பற்றி எழுதினார். அந்தக் காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. ஒன்றிரண்டில் இருந்தால் விபத்து. புதையல் முழுக்க இருந்தால் அது பழக்கம். யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு காசாக எடுத்து சீசர் முகத்தை வெட்டியிருக்கிறார்கள். இனி இது காசாகச் செல்லாது, பொன்னாக எடை போட்டுத்தான் செல்லும் என்பதற்காகவா, உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதிக்கவா, அறிஞர்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச முடிகிறது என்றால் 501ம் ஒன்றாகக் கிடைத்து, ஒன்றாகப் பதிவானதால்தான்.

அதே புதையல் இன்றைக்குக் கிடைத்து ஐந்நூறு தனித்தனி லாட்டுகளாக ஏலத்துக்குப் போனால் விவரக்குறிப்பு எப்படி இருக்கும்? “முன்பக்கம் முகத்தில் வெட்டுத் தழும்பு, மற்றபடி நல்ல நிலை.” வெட்டு இல்லாத காசுக்கு விலை அதிகம், வெட்டுப்பட்டதற்குக் குறைவு. எது சரித்திரமோ அது சேதாரக் கணக்கில் போய்விடும். ஏல எழுத்தின் மேல் எனக்கு இருக்கும் பெரிய குறை இது. அது காசைத் தனி அழகுப் பொருளாக மட்டும் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறது. கூட்டத்திலிருந்து பிரித்த ஒற்றைக் காசு, கறுப்புப் பின்னணி, ஒளி சரியாக விழுந்த படம். நாமும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டோம்.

இதெல்லாம் ஐயாயிரம் ரூபாய்ச் சந்தையின் சில்லறைத்தனம், பெரிய இடத்தில் நடக்காது என்று நினைத்தால் அதுவும் தப்பு. சீசரைக் கொன்ற புரூட்டஸ் கி.மு. 42 வாக்கில் ஒரு காசு அடித்தான். ஒரு பக்கம் அவன் முகம், மறு பக்கம் இரண்டு குத்துவாள், நடுவில் விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லா, கீழே மார்ச் 15 என்ற கொலைத் தேதி. தங்கத்தில் மூன்றே மூன்றுதான் தெரியும். அதில் ஒன்று 2020 அக்டோபரில் லண்டன் ஏலம் ஒன்றில் ஏறத்தாழ 42 லட்சம் டாலருக்குப் போனது. பழைய சுவிஸ் பிரபு ஒருவரின் சேகரிப்பிலிருந்து வந்தது என்று விவரக்குறிப்பில் போட்டிருந்தார்கள். அந்த வரி பொய் என்று நியூயார்க் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் விசாரணையில் தெரிந்தது. ஏல நிறுவனத்தின் தலைவர் கைதாகி, பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2023 மார்ச்சில் காசு கிரீஸ் நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. கவனியுங்கள், காசு அசல். வந்த வழிதான் போலி. என் 5,800 ரூபாய் லாட்டுக்கும் அந்த 42 லட்சம் டாலர் காசுக்கும் இதில் வித்தியாசம் இல்லை. இரண்டிலும் விலையைத் தூக்கியது ஒரே ஒரு பொய்யான வரி.

அப்படியானால் யாரும் பழங்காசு வாங்கக் கூடாது என்று எழுதி முடித்துவிடலாம். சில தொல்லியல் நண்பர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை, காரணம் மாக்கோதை.

சங்ககால மன்னர் பெயர் பொறித்த காசுகளை நமக்குக் காட்டியது அகழாய்வுக் குழிகளைவிடச் சந்தைதான். பெருவழுதி, மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்பொறை. புறநானூற்று வகுப்பில் மட்டும் கேட்ட பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் உலோகத்தின் மேல் வந்து நின்றது 1980களிலும் 90களிலும். அதில் பெரும் பங்கு தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியுடையது. அவர் ஒரு சேகரிப்பாளர், கடைகளிலும் ஆட்களிடமும் காசு வாங்கியவர். மதுரையிலும் கரூரிலும் காசு அப்போது போய்ச் சேர்ந்த இடம் பாத்திரக்கடை. ஆற்று மணலை அரித்துத் தங்கப் பொட்டு தேடுகிறவர்கள், கூடவே கிடைக்கும் செம்பையும் ஈயத்தையும் எடைக்குப் போடுவார்கள். போட்டால் உருகிவிடும். அந்த உலைக்கும் காசுக்கும் நடுவில் வந்து நின்றது சேகரிப்பாளரின் பணம். சங்க இலக்கிய காலத்தைக் கற்பனை என்று சொன்னவர்களுக்குப் பதிலாக இன்று மேடையில் காட்டப்படும் காசுகள் அப்படித் தப்பியவை. தென்னிலங்கையில் அக்குறுகொடவில் கிடைத்த தமிழ்ப் பிராமி ஈயக் காசுகள் வெளிச்சத்துக்கு வந்ததிலும் தனியார் சேகரிப்புகளுக்குப் பங்கு உண்டு.

ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தை நாம் செய்யவில்லை. 1994இல் அவர் தென்னிந்தியப் பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளைப் பற்றி ஒரு ஆங்கில நூல் வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே மூன்று ஊர்கள் இருக்கின்றன: கரூர், மதுரை, திருக்கோயிலூர். வாங்கிய இடமும் கிடைத்த இடமும் ஒன்றல்ல என்பது உண்மை, இந்தக் காசுகளின் மேல் அந்தச் சந்தேகம் என்றைக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். இருந்தாலும், அன்றைக்கு ஊர்ப்பெயர் கூடுதல் விலைக்கான காரணம் ஆகவில்லை. பாத்திரக்கடைக்காரருக்கு எந்த ஊர்க் காசு என்று பொய் சொல்ல என்ன அவசியம்? இன்றைக்கு அவசியம் இருக்கிறது. அதை உண்டாக்கியதில் அந்த நூல்களுக்கும் பங்கு உண்டு, “கரூர்” என்று பார்த்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொகையை ஏற்றிய என்னைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு.

சட்டம் என்ன செய்கிறது? 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கணும், மறைத்தால் ஜெயில்கூட உண்டு. அரசு எடுத்துக்கொண்டால் என்ன கொடுக்கும்? அந்த உலோகத்தின் மதிப்பும், அதில் ஐந்தில் ஒரு பங்கும். இரண்டு கிராம் செம்புக் காசுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று ரூபாய் தேறாது. கலெக்டர் ஆபீசுக்குப் போக பஸ் டிக்கெட் அதைவிட அதிகம். ஆற்றில் இறங்கி மணல் அரிக்கிறவர் எந்தப் பக்கம் போவார் என்று இதற்கு மேல் கேட்கத் தேவையில்லை. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள், தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரமாக விற்க லைசென்ஸ் வேண்டும். காகிதத்தில் நல்ல சட்டம். அதன் பக்கவிளைவு என்னவென்றால், கிடைத்த இடத்தைச் சொல்வது விற்பவருக்கு ஆபத்து. உண்மையான இடம் தெரிந்தவர் வாயைத் திறக்க மாட்டார். ஆபத்தில்லாத பொய் ஊரைச் சொல்கிறவர்தான் தாராளமாகச் சொல்வார். வெளிநாட்டு ஏலத்தில் மாக்கோதை காசு ஒன்று “பழைய ஐரோப்பியச் சேகரிப்பு” என்ற வரியோடு வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள். 1947லிருந்தே அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாத பொருள் அது. மாக்கோதை யார் என்று அடையாளம் தெரிந்ததோ அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. பெயர் தெரியாத அந்தச் சின்ன வெள்ளிக்காசை அந்த ஐரோப்பியர் எப்போது, என்னவென்று நினைத்து வாங்கி வைத்திருந்தார்?

பிரிட்டனில் 1997 முதல் ஓர் ஏற்பாடு நடக்கிறது. வயலில் காசு கண்டெடுத்தவர் அருகிலுள்ள அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். அவர் படம் எடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்து, பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுவார். புதையல் என்ற வரையறைக்குள் வராவிட்டால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படிப் பதிவானவை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. அங்கேயும் திருட்டுத் தோண்டல் இருக்கிறது, அந்த ஏற்பாட்டின் மேல் விமர்சனமும் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் பிடித்துவைக்க நினைப்பது காசை அல்ல, காசு கிடைத்த இடத்தை. நம் சட்டம் காசைக் கேட்கிறது, கடைசியில் இரண்டும் கிடைப்பதில்லை.

விற்பனையாளருக்கு எழுதினேன். கோபமாக எழுதவில்லை, அக்கசாலைக் குறிகளின் படத்தை இணைத்து “கரூர் என்பது எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. “சார், எனக்குக் கொடுத்தவர் கரூர்னுதான் சொன்னார். நான் அதைத்தான் போட்டேன். திருப்தி இல்லைன்னா திருப்பி அனுப்புங்க, முழுப் பணமும் தர்றேன்.” நேர்மையான பதில். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்குக் கொடுத்தவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

திருப்பி அனுப்பத்தான் முதலில் நினைத்தேன், பார்சல்கூட கட்டிவிட்டேன். அப்புறம் தோன்றியது, இது அங்கே போய்ச் சேர்ந்தால் அடுத்த மாச ஏலத்தில் இதே வரியோடு மறுபடி வரும், வேறு ஒருவர் வாங்குவார், அவருக்கு அசிட்டோன் தோன்றாமல் போகலாம். பார்சலைப் பிரித்துவிட்டேன். இருபத்துமூன்றும் இப்போது என் மேசை இழுப்பறையில் தனித்தனிக் காகித உறையில் இருக்கின்றன. ஒவ்வொரு உறை மேலும் எடை, விட்டம், படிக்க முடிந்தால் அக்கசாலை, வாங்கிய தேதி, லாட் எண் எழுதியிருக்கிறேன். ஊர் என்ற இடத்தில், “கரூர் என்று சொல்லி விற்கப்பட்டது.”